கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக்?

கேள்வி: தினமும் ரோட்டில் ஓட்டும் என் ஸ்போர்ட்ஸ் காரில், ரேஸ் கார் போலக் கண்ணாடியை எடுத்துவிட்டு பாலிகார்பனேட் ஷீட் போடலாமா?

பதில்: பின்பக்கத்துக்குப் போடலாம், அதே தடிமனில் கண்ணாடியின் பாதி எடைதான். ஆனால் முன் கண்ணாடியில் மட்டும் கை வைக்காதீர்கள்; தூசியோடு வைப்பர் நாலு தடவை தேய்த்தாலே கீறல் விழுந்து, இரவில் எதிரே வரும் வெளிச்சம் கோடு கோடாகச் சிதறும். அப்புறம், வெயிலில் இது கண்ணாடியைவிடப் பல மடங்கு விரியும், அதனால் திருகு ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, ரொம்ப முறுக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டையிலிருந்தே விரிசல் கிளம்பும். கீறல் தாங்கும் பூச்சுள்ள ஷீட்டையே கேட்டு வாங்குங்கள். அம்மோனியா கலந்த கிளீனர் ஆகாது, சோப்புத் தண்ணீரே போதும். ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடியா? என்னைக் கேட்டால் வீண் வேலை, ரப்பரில் உரசி உரசியே மங்கிவிடும்.