லேப்டாப்பில் வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் வரவில்லை, நடுநடுவே இணைப்பும் அறுந்துபோகிறது. போனில் அதே வைஃபை நன்றாக ஓடுகிறது. என்ன செய்வது?

போனில் அதே வைஃபை நன்றாக ஓடுகிறது என்று நீங்களே சொல்லியிருப்பதால் ரவுட்டரையும் லைனையும் இப்போதைக்கு விட்டுவிடலாம், கோளாறு பெரும்பாலும் லேப்டாப்பில்தான். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை, அதாவது கட்டளைகளை அடிக்கும் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை அடித்து, வைஃபை பகுதியில் ஐபிவி4 (IPv4) முகவரி, அதாவது நெட்வொர்க்கில் உங்கள் லேப்டாப்பின் எண், என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை, விண்டோஸ் தானாக ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நெட்வொர்க்கை நீக்கிவிட்டு, பாஸ்வேர்டைப் புதிதாக அடித்து இணையுங்கள்.

192.168 என்று வந்தால் முகவரி சரி. அப்புறம் அதே திரையில் ping 8.8.8.8 என்று அடித்து, கூகுளின் அந்த சர்வரிலிருந்து பதில் வருகிறதா என்று பாருங்கள். அதற்குப் பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால் சந்தேகம் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) மேல்தான், வைஃபை அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். விபிஎன் ஏதாவது ஓடினால் முதலில் அதை நிறுத்துங்கள்.

நடுநடுவே அறுந்துபோகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் லேப்டாப்பிலும் இதே தொல்லை இருந்தது, பேட்டரியில் ஓடும்போது மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்விடும். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்றிருந்த டிக்கை எடுத்ததும் நின்றுவிட்டது. மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் அறுந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், அந்த அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இரைச்சல் போடும். நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் அதில் போய்விடும்.