பழைய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளில் முதல் லெவல் கேரக்டர்கள் உடனுக்குடன் செத்துப்போகிறார்கள். டிஎம்-ஆக (ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டராக) நான் என்ன செய்யலாம்?

கேள்வி விவரத்தில் நீங்கள் சொன்னது இது: நண்பர்கள் எல்லோரும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு ஆடிப் பழகியவர்கள். 1981இல் வந்த பேசிக் விதிகளை எடுத்து முதல்முறையாக நடத்தினீர்கள். முதல் நாளே ஒரு கோப்ளின் (குட்டி அரக்கர்) கூட்டத்திடம் மூன்று பேர் காலி. அடுத்த முறை எல்லோருக்கும் அதிகபட்ச ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

கொடுங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அது உதவாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். மேஜிக்-யூசருக்கு (மந்திரவாதிக்கு) ஹிட் பாயிண்ட் உருட்ட நான்குமுகப் பகடை, அதிகபட்சம் 4. அந்த விதிகளில் எந்த ஆயுதமாக இருந்தாலும் அடி ஒரு ஆறுமுகப் பகடைதான் (ஆயுதத்துக்கு ஏற்ற அடி என்பது விருப்ப விதி). பூஜ்யத்துக்கு வந்தால் சாவு. ஆக, முழு ஹிட் பாயிண்ட் வைத்திருக்கும் மேஜிக்-யூசரும் ஒரே அடியில் சாக பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஃபைட்டருக்கு (போர்வீரருக்கு) அதிகபட்சமான 8 கொடுத்தால் முதல் அடியைத் தாங்குவார். இரண்டாவது அடியில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. நீங்கள் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு அடி. அந்தப் புத்தகத்தைத் தொகுத்த டாம் மோல்ட்வேயே முதல் லெவலில் 1 அல்லது 2 விழுந்தால் டிஎம் மறுபடி உருட்ட விடலாம் என்று எழுதியிருக்கிறார். நான் அதோடு நிறுத்திக்கொள்வேன்.

இந்த விதிகளைப் பல வருடமாக நண்பர்களுக்கு நடத்திவருகிறேன். இவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்ததே முதல் லெவல்தான். புதுக் கேரக்டர்கள் சாவது பெரும்பாலும் ஹிட் பாயிண்ட் குறைவால் அல்ல. எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாமல், சண்டையைத் தவிர வேறு வழி இருப்பதும் தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டையும் சரிசெய்வது டிஎம் கையில் இருக்கிறது. ஒரு பகடை எண்ணைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

முதலில் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கணக்கை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஃபைட்டர் இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 எக்ஸ்பி வேண்டும். ஒரு கோப்ளினைக் கொன்றால் கிடைப்பது 5, அதிலும் எல்லோருக்கும் பங்கு. ஆனால் டஞ்சனிலிருந்து (ஆபத்து நிறைந்த நிலவறையிலிருந்து) பத்திரமாக வெளியே கொண்டுவரும் புதையலுக்கு ஒரு தங்கக் காசு மதிப்புக்கு ஒரு எக்ஸ்பி. 400 கோப்ளின்களை வெட்டினால் வருவது, 2,000 காசு பெறுமானமுள்ள ஒரு கழுத்துமாலையைச் சத்தமில்லாமல் எடுத்துவந்தால் வந்துவிடும். சண்டை என்பது இந்த ஆட்டத்தில் செலவு, வரவு அல்ல. ஐந்தாம் பதிப்பிலிருந்து வருபவர்களுக்கு இதை யாராவது சொன்னால்தான் தெரியும். சொன்ன மறு நிமிடமே அவர்கள் ஆடும் விதம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

அடுத்தது ரியாக்‌ஷன் ரோல். புது டிஎம்கள் அதிகமாக விட்டுவிடும் விதி இதுதான், அதிகமான உயிரைக் காப்பாற்றும் விதியும் இதுதான். ஒரு கூட்டத்தைச் சந்தித்ததும் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திராவிட்டால், இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்ட வேண்டும். 2 விழுந்தால் உடனே தாக்கும். 3 முதல் 5 வரை பகை, தாக்கக்கூடும். 6 முதல் 8 வரை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். 9 முதல் 11 வரை தாக்காது. போய்விடும், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வதைக் கேட்டுப் பார்க்கும். 12 என்றால் நட்பு. இரண்டு பகடையில் 36 சேர்க்கைகள். அதில் உடனடித் தாக்குதல் ஒன்றே ஒன்று. பகையையும் சேர்த்தால் 10. மீதி 26இலும் பேச இடமிருக்கிறது! கரிஸ்மா (வசீகர குணம்) அதிகமுள்ள கேரக்டர் முன்னால் நின்று பேசினால் இன்னும் நல்லது. உங்கள் கோப்ளின்களுக்கு இதை உருட்டினீர்களா என்று கேள்வியில் இல்லை. பார்த்ததும் பாய்ந்தன என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் உருட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உருட்டினால் மட்டும் போதாது, வந்த எண்ணை மேஜையில் இருப்பவர்கள் கண்ணால் பார்க்கிற மாதிரி சொல்லவும் வேண்டும். எங்கள் ஆட்டத்தில் நடந்த ஒன்று. கதவைத் திறக்கிறார்கள், உள்ளே ஆறு கோப்ளின்கள். பகடையில் 7. நான் சொன்னது: “ரெண்டு ஈட்டியைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்குது, ஆனா முன்னாடி வரல. மத்தது எல்லாம் உங்க டார்ச்சையே பார்க்குது. ஒண்ணு மட்டும் உங்க மூட்டையை மோந்து மோந்து பார்க்குது. என்ன பண்றீங்க?”

தீஃப் (திருடன்) கேரக்டரை ஆடிய நண்பன் கேட்டான்: “அதுங்க பசியில இருக்கா?”

“மூலையில எலும்பு குவிஞ்சு கிடக்கு. எல்லாம் உறிஞ்சி உறிஞ்சி வெள்ளையா இருக்கு.”

“அப்போ ரெண்டு நாள் சாப்பாட்டைக் கீழ வெச்சுட்டு மெதுவா பின்னாடி வரேன். மச்சான், நீ கத்திய இறக்குடா.”

அந்தக் குழுவில் ஒரு குள்ளன் இருந்தான். இந்த விதிகளில் குள்ளர்களுக்கு கோப்ளின் மொழி தெரியும் (கோபோல்ட் என்ற இன்னொரு குட்டிப் பிராணியின் மொழியும்தான், அதற்காகவே ஒரு குள்ளன் கூட இருப்பது நல்லது). பேசிப் பார்த்ததில் தலைவன் சாப்பாட்டையெல்லாம் தானே வைத்துக்கொள்கிறான் என்று தெரிந்தது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் தலைவன் அறைக்குப் போகும் பின்வழி கிடைத்தது. இதே அறையில் ஆறு பேரோடு சண்டை போட்டிருந்தால் இரண்டு பேராவது போயிருப்பார்கள்.

தகவல் விஷயத்துக்கு வருகிறேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ சாகசத்தில் கோபோல்ட் குகைக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்திலேயே ஒரு குழி உண்டு. முன்வரிசையில் வரும் ஒவ்வொருவரும் விழ 6இல் 3 வாய்ப்பு. ஆனால் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனால் அந்தச் சோதனை கிடையாது. பத்தடிக் கம்பு ஒரு தங்கக் காசுதான். வாயால் “தட்டிப் பார்த்துக்கொண்டு போகிறோம்” என்று சொன்னவருக்குப் பகடையே வேண்டாம் என்பதுதான் இந்த வகை ஆட்டத்தின் உயிர்நாடி. தீஃபுக்கு முதல் லெவலில் பொறி கண்டுபிடிக்கும் வாய்ப்பு வெறும் 10 சதவீதம். அதை நம்பி நடக்க முடியாது.

அதனால் ஆபத்தின் அறிகுறியைப் பகடைக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். டஞ்சனுக்குள் போவதையே தொழிலாக வைத்திருப்பவர் கண்ணில் தானாகப் படுவதையெல்லாம் கேட்காமலே சொல்லிவிடுங்கள்: இந்த இடத்தில் மட்டும் தரையில் தூசி இல்லை, சுவரில் கரி படிந்திருக்கிறது, செத்துக்கிடப்பவன் முதுகில் காயமே இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். விஷத்தில் இதை இன்னும் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். முதல் லெவல் ஃபைட்டர் விஷத்திலிருந்து தப்ப இருபதுமுகப் பகடையில் 12 அல்லது மேலே வேண்டும். அதாவது 55 சதவீதம் சாவு. ஒட்டடையையும் அதில் தொங்கும் காய்ந்த எலிகளையும் முன்பே காட்டிவிட்டால் சிலந்தி கடித்துச் செத்தவர்கூட உங்கள் மேல் கோபப்பட மாட்டார். காட்டாமல் கொன்றால் அது அநியாயம், அவர் கோபப்படுவது சரி.

நேரத்தையும் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். ஒரு டர்ன் என்பது ஆட்டத்துக்குள் பத்து நிமிடம். ஒரு டார்ச் ஆறு டர்ன் எரியும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடையில் 1 விழுந்தால் திரியும் பிராணி ஏதாவது வரும். நான் ஒரு தாளில் கட்டம் போட்டு எல்லோரும் பார்க்க அடித்துக்கொண்டே வருவேன். கட்டம் நிறைய நிறைய “சரி, இன்னைக்கு இது போதும், திரும்பிடலாம்” என்று யாராவது ஒருவர் சொல்லியே தீருவார். திரும்பி வரத் தெரிந்த குழுவுக்கு ஆயுள் கெட்டி.

அப்படியும் சண்டை வரும். வந்தால் மொரேல் (எதிரிகளின் மனத்துணிவு) விதியை மறக்காதீர்கள். விருப்ப விதி என்று போட்டிருந்தாலும் முதல் லெவலில் அது கட்டாயம் என்பது என் கருத்து. எதிரிகளில் முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் விழும்போதும் இரண்டு பகடை உருட்டுங்கள். மொரேல் எண்ணைத் தாண்டினால் ஓடிவிடும் அல்லது சரணடையும். கோப்ளினுக்கு 7, அதாவது ஒவ்வொரு சோதனையிலும் ஏறக்குறைய 42 சதவீதம் ஓடும். கோபோல்டுக்கு 6, பாதிக்கு மேல் ஓடும். விதிப்படி கடைசி ஆள் வரை நின்று சண்டை போடுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு கோப்ளின் கூட்டம்தான்.

கடைக்குப் போகும்போதும் கொஞ்சம் கைகொடுங்கள். ஆரம்பக் காசு சராசரியாக 105 தங்கம். பிளேட் கவசம் 60, கேடயம் 10. இரண்டும் போட்ட ஃபைட்டரைக் கோப்ளின் அடிக்க இருபதுமுகப் பகடையில் 17 அல்லது மேலே வேண்டும், 20 சதவீதம். ஒன்றும் போடாதவரை அடிக்க 10 போதும், 55 சதவீதம். ஹிட் பாயிண்ட் ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். ஒரு விலை உண்டு: உலோகக் கவசத்தில் வேகம் பாதியாகிவிடும், ஆர்க் (கோப்ளினைவிடப் பெரிய அரக்கன்) துரத்தினால் ஓடித் தப்ப முடியாது. அப்போது சாப்பாட்டை வீசி எறியலாம். அறிவில்லாத மிருகம் 6இல் 3 வாய்ப்பில் நின்று தின்னும். புத்தியுள்ளதாக இருந்தால் காசை எறிய வேண்டும். இந்த வழி இருப்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவையுங்கள்.

எண்ணெய்க் குடுவை 2 காசு. பற்றவைத்து எறிந்தால் எட்டுமுகப் பகடை அடி, இரண்டு ரவுண்டுக்கு (ரவுண்டு என்பது சண்டையில் எல்லோரும் ஒருமுறை செயல்படும் நேரம்). மேஜிக்-யூசர் ஒரே மந்திரத்தோடு சும்மா நிற்க வேண்டியதில்லை. அந்த ஒரு மந்திரம் ஸ்லீப் என்றால் இன்னும் நல்லது: இரண்டு எட்டுமுகப் பகடை அளவு ஹிட் டைஸ் (பிராணிகளின் பலத்தை அளக்கும் எண்) தூங்கும், தப்பிக்க உருட்டும் சேவிங் த்ரோ கிடையாது. உங்கள் கோப்ளின் கூட்டம் மொத்தமும் படுத்திருக்கக்கூடும். எண்ணெயை மட்டும் அளவோடு விடுங்கள். மேலே சொன்ன அதே சாகசத்தில் கைகாக்ஸ், ஆட்டக்காரர்கள் எண்ணெய் வீசினால் பிராணிகளும் எண்ணெய் கிடைத்தவுடன் வீசக் கற்றுக்கொள்ளட்டும் என்று எழுதியிருக்கிறார். அதைச் செய்வதற்கு முன்னால் ஆட்டக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கையாவது கிடைக்க வேண்டும்: காவல் கோப்ளின் பக்கத்தில் ஒரு ஜாடி, எண்ணெய் நாற்றம்.

ஆள் பலம் வேண்டுமென்றால் கூலிக்கு ரீடெய்னர்களை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாதாரண கரிஸ்மா உள்ளவரே நான்கு பேர் வரை வைக்கலாம். ஆனால் அவர்களைப் பொறிக்கு முன்னால் தள்ளிவிடும் குழுவிடம் ஊரில் அடுத்த ஆள் சேரமாட்டான். அதை நீங்கள் உறுதியாகக் காட்ட வேண்டும். பெயர், ஒரு குணம், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று இரண்டு வரி போதும், நண்பர்கள் தாமாகவே அவர்களைக் காப்பாற்றப் பார்ப்பார்கள்.

இவ்வளவும் செய்தாலும் யாராவது சாவார்கள். அதை மாற்றிவிடாதீர்கள். 2012இல் வந்த ‘டஞ்சன் கிரால் கிளாசிக்ஸ்’ இதை நேரடியாகவே ஒத்துக்கொண்டு, ஆளுக்குச் சில பூஜ்ய லெவல் கிராமத்தாரைக் கொடுத்து, பிழைத்தவர்தான் முதல் லெவல் என்கிறது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். செத்தவர் இரண்டு மணி நேரம் சும்மா உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும். பேசிக் விதிகளில் புதுக் கேரக்டர் போடப் பத்து நிமிடம் ஆகும். ஆறு குணத்தையும் உருட்டி, வகுப்பு தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள், கூட வந்த ரீடெய்னரை அவர் கையில் கொடுங்கள். புதுக் கேரக்டர் அடுத்த அறையில் கோப்ளின்கள் கட்டிவைத்திருக்கும் கைதியாக வரலாம். அவரை அவிழ்த்துவிட ஒரு ரவுண்டு, அந்த இடத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த இரண்டு விஷயத்தைக் குழுவுக்குச் சொல்ல இன்னொரு ரவுண்டு.