பீச்சாங்கை

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 12 வயது. மிருதங்கம் கற்கிறாள். இடதுகைக்காரி, வலது கையால் வாசிக்கவேண்டிய முகமான வலந்தலையை இடது கையால்தான் வாசிக்க வருகிறது. ‘இப்போதே கையை மாத்திடுங்க, நாளைக்கு மேடையில யாரும் சேத்துக்க மாட்டாங்க’ என்கிறார் ஆசிரியர். இந்தக் குறையோடு அவள் தொழில்முறைக் கலைஞராக வர முடியுமா? அதிலும் பெண் குழந்தை. மிருதங்கத்தை நம்பிப் பிழைக்க முடியுமா என்றும் கவலை.

– ஒரு தகப்பன், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. குறையாம், எது குறை? பெற்ற தகப்பனே அந்தச் சொல்லை எழுதினால் பிள்ளை எங்கே போகும்?

பிழைப்பைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? பெண் குழந்தை என்கிறீர்கள். திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் 1910இல் பிறந்தவர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடையேறி வாசித்தவர். அந்தப் பேச்சை அதோடு விடுங்கள்.

கைக்கு வருகிறேன். சில நாட்களாக மிருதங்கக் கலைஞர் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பழைய ஒலிப்பதிவுகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இந்தப் பதிலே. 1908இல் பிறந்தவர். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரோடு சரிக்குச் சரியாக வைத்துப் பேசப்பட்டவர். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் மறுமுகத்தில், அவர் எழுப்பும் கும்கி என்கிற அடிநாதம் இருக்கிறதே, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அவர் இடதுகைக்காரர்.

அதனால் வாசிப்பில் என்ன கெட்டது? ஒன்றும் இல்லை. கெட்டதெல்லாம் உட்காரும் இடத்தில்தான். கச்சேரியில் பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். அப்படி உட்கார்ந்தால்தான் வலந்தலையும் சபையைப் பார்க்கும், வயலினும் சபையைப் பார்க்கும். இடதுகைக்காரரை அங்கே உட்காரவைத்தால் சபைக்குத் தொப்பிதான் தெரியும், ஆகவே அவர் எதிர்ப்பக்கம் போகவேண்டும், வயலின்காரர் எழுந்து இந்தப் பக்கம் வரவேண்டும். வந்தால் வயலின் சபைக்கு முதுகைக் காட்டும். மைக் எல்லா இடத்துக்கும் வராத காலம், அவர்களுக்கும் நஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக இடம் மாற மாட்டேன் என்று வயலின்காரர்கள் மறுக்க, இப்படிப்பட்ட கலைஞனுக்கு ஆரம்பத்தில் கச்சேரி கிடைப்பதே பாடாக இருந்திருக்கிறது. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பழனியைப் பிடிவாதமாகப் பக்கத்தில் உட்காரவைத்தார், அப்புறம்தான் மற்றவர்களுக்குக் காது திறந்தது. மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, பக்கத்தில் கஞ்சிரா என்ற சின்னத் தோல்வாத்தியத்தோடு உட்கார்ந்ததும் இதே பழனிதான். மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு முதன்முதலாக சங்கீத கலாநிதி விருது கிடைத்தது 1966இல், மணி ஐயருக்கு. பழனி 1962லேயே போய்விட்டார்.

எனக்கும் இடது கைதான். சாப்பிடும்போது என் அப்பத்தா அந்தக் கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடும். ஒன்பது வயதில், ஊர்த் திருவிழாக் கச்சேரிக்கு வந்த மிருதங்கக்காரர் மேடைக்குப் பின்னால் ரவையை நீர்விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அந்த உருண்டையை நீட்டினார். நான் வாங்கியது இடது கையில். ‘பீச்சாங்கையிலயா வாங்குற?’ என்று அப்பத்தா முதுகில் ஒன்று வைத்தது. அவர் சிரித்துக்கொண்டே உருண்டையைத் திரும்ப வாங்கித் தொப்பியின் நடுவில் அப்பி, விரல் நுனியில் தண்ணீர் தொட்டு வழித்துவிட்டு, இடது உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். என் வயிற்றுக்குள் கேட்டது. ‘இதுவும் பீச்சாங்கைதாம்மா’ என்றார். அப்பத்தா பதில் சொல்லவில்லை. வீட்டில் துண்டையும் அவிழ்க்கவில்லை, அது வேறு விஷயம். இன்றுவரை நான் எழுதுவது வலது கையில்தான், கையெழுத்தைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும்.

உங்கள் ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள். மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டால் அது இடதுகை மிருதங்கம், தச்சனும் வேண்டாம் தோலும் வேண்டாம். எதிரே இருப்பவள் இடதுகைக்காரியாக இருந்தால் சொல்லித்தருவது கஷ்டம் என்பார். மிருதங்கக் கலைஞர் திருச்சி சங்கரன் வலதுகைக்காரர், பாடம் கேட்டது பழனியிடம். 1971இல் டொரோண்டோ போய் யார்க் பல்கலைக்கழகத்தில் அந்த வாசிப்பைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். எதிரெதிரே உட்கார்ந்தால் கண்ணாடி பார்ப்பது போலத்தானே? கஷ்டம் எங்கே வந்தது?

மேடையில் யாரும் சேர்க்க மாட்டார்கள் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இன்றைக்கு ஆளுக்கொரு மைக் இருந்தும் இடம் மாறச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும். அவர்கள் நகர்ந்து உட்கார ஒரு நிமிஷம் ஆகும், அதற்காக உங்கள் மகள் பத்து வருஷம் கையை மாற்றிப் பழகவேண்டுமா? கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேனா தெரியவில்லை. அடுத்த மாதம் கோவை வருகிறேன், மகளையும் மிருதங்கத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரவை நான் பிசைகிறேன்.