வெள்ளியில் அடித்த வெற்றி: ரோம நாணயக் கேள்வி-பதில்

தெனாரியஸ் என்ற ரோம வெள்ளிக்காசு ஒன்றின் பூப்பக்கத்தில் முதலை இருக்கிறது. முதலைக்கும் போருக்கும் என்ன தொடர்பு?

முதலை என்றால் எகிப்து. கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் அந்தோணியும் கிளியோபாட்ராவும் தோற்றார்கள். மறு ஆண்டே எகிப்து ரோமின் கைக்குப் போனது. வென்ற ஆக்டேவியன் (பின்னாளில் அகஸ்டஸ்) கி.மு. 28இல் வெளியிட்ட காசு அது. 'எகிப்து பிடிபட்டது' என்று லத்தீனில் எழுதியிருக்கும். எழுத்தறியாத படைவீரனுக்கும் முதலையைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

மண்டியிட்டுக் கொடியை நீட்டும் மனிதன் யார்? எந்தப் போர்?

அவன் பார்த்தியன், அதாவது ஈரான் பகுதியை ஆண்ட பார்த்தியப் பேரரசைச் சேர்ந்தவன். போர் எதுவும் நடக்கவில்லை! கி.மு. 53இல் கர்ரே போரில் பார்த்தியர்கள் ரோமத் தளபதி கிராசஸின் படையை அழித்து, அதன் படைச்சின்னங்களைப் பறித்துக்கொண்டார்கள். ரோமருக்கு அது ஆறாத அவமானம். கி.மு. 20இல் அகஸ்டஸ் பேச்சுவார்த்தை நடத்தியே அவற்றைத் திரும்பப் பெற்றார். உடன்படிக்கையில் கைமாறிய சின்னங்களை, எதிரி முழந்தாளிட்டு ஒப்படைத்ததாகக் காசில் காட்டிவிட்டார்கள். ரோம வெள்ளிக்காசுகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். நடந்ததைவிட, மக்கள் எதை நம்ப வேண்டும் என்று அரசு விரும்பியது என்பதை இது அப்பட்டமாகச் சொல்கிறது. வெற்றிக் காசு எதைப் பார்த்தாலும் முதலில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அழுதபடி தரையில் அமர்ந்திருக்கும் பெண்?

யூதர்களின் நாடான யூதேயாவைத்தான் பெண்ணாகக் காட்டியிருக்கிறார்கள். கி.பி. 70இல் எருசலேம் வீழ்ந்ததைக் கொண்டாடப் பேரரசர் வெஸ்பாசியன் அடித்தது. அவள் அருகே நிற்பது, எதிரியின் தலைக்கவசம், மார்புக்கவசம், கேடயங்களைக் கம்பத்தில் மாட்டி நிறுத்திய வெற்றிச்சின்னம். ஒரு மக்களின் பேரழிவைக் கைக்குக் கை மாறும் காசாக்கியிருக்கிறார்கள். மனம் கனக்காமல் என்னால் அதைப் பார்க்க முடிவதில்லை. பேரரசர் டிராஜனின் டாசியப் (இன்றைய ருமேனியப் பகுதி) போர்க் காசுகளிலும் இதே போலத் துயருற்ற கைதி உண்டு.

கோவைப் பக்கம் கிடைத்த ரோமக் காசுகளிலும் இவை உண்டா?

அந்தக் குவியல்களில் மிகுதியாக இருப்பவை வேறு இரண்டு வகை. ஒன்று, கேடயம், ஈட்டிகளோடு நிற்கும் அகஸ்டஸின் பேரர்கள் கயஸ், லூசியஸ்; ஆயுதங்களைப் பார்த்துப் பலர் போர்க் காசு என்கிறார்கள், ஆனால் அது வாரிசுகளை அறிவிக்கும் காசு. மற்றொன்று, அமர்ந்த பெண்ணுருவம் கொண்ட டைபீரியஸ் காசு. கி.பி. 64இல் நீரோ தெனாரியஸின் எடையைக் குறைத்த பிறகு அடித்த வெள்ளி இங்கே அரிது.

உங்கள் நிலத்தில் அப்படி ஏதேனும் அகப்பட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்துகள் மழுங்கிவிடும். அப்படியே வைத்து மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அது கட்டாயம்.