தோழியின் நம்பரை ஏன் எழுதினாய்?

கேள்வி: அம்மா, எனக்கு வயது 26. சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. பேங்க் லோன் போட்டு பி.டி.எஸ். படித்தேன். இப்போது மதுரையில் ஒரு பல் கிளினிக்கில் 18,000 ரூபாய் சம்பளம். அப்பா என்னைக் கேட்காமலே சாத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் எனக்குக் கிளினிக் வைக்க ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். எனக்கு அங்கே உட்கார விருப்பமில்லை. ராணுவத்தில் பல் டாக்டராகச் சேர விண்ணப்பித்தேன். வீட்டில் கான்ஃபரன்ஸ் என்று சொல்லிவிட்டு டெல்லிக்கு இன்டர்வியூ போனேன். தேர்வாகிவிட்டேன். ஐ.நா. அமைதிப் படையோடு தெற்கு சூடான் மாதிரி ஒரு நாட்டில் வேலை பார்ப்பது என் கனவு. சேருவதற்கான படிவங்களை நிரப்பி வைத்திருக்கிறேன். நெக்ஸ்ட் ஆஃப் கின் (நெருங்கிய உறவினர்) என்ற இடத்தில் மட்டும் என் காலேஜ் தோழியின் பெயரையும் நம்பரையும் எழுதினேன், அப்பா போனை எடுத்தால் கத்துவார் என்பதால். விஷயம் தெரிந்தால் அம்மா அழுவார், அப்பா பேசவே மாட்டார். கல்யாணமும் தள்ளிப்போகும். நான் போகலாமா? வெளிநாட்டுப் பணி பெண்களுக்குப் பாதுகாப்பானதா? (பெயர் வேண்டாம்)

பதில்: போகலாமா என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். துபாய்க்கு நர்ஸ் வேலை, கப்பலில் சமையல் வேலை, கனடாவில் படிப்பு, எல்லாம் ஒன்றுதான். நீயும் டெல்லி வரை போய் வந்துவிட்டாய். ஆகவே அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. நீ கேட்காத ஒன்றைப் பேசுவோம்.

நெக்ஸ்ட் ஆஃப் கின். அதைப் போகிற போக்கில், ஆதார் நம்பர் எழுதியதைப் போலச் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டாய். கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். டெல்லிக்குப் பொய் சொல்லிவிட்டுப் போனதைக்கூட விட்டுவிடுவேன். வீட்டில் பயந்துகொண்டு பரீட்சை எழுதாத பிள்ளை யார்?

அந்த இடம் எதற்கு என்று தெரிந்துதான் எழுதினாயா? நீ லீவில் எங்கே இருக்கிறாய் என்று விசாரிப்பதற்கான நம்பர் இல்லை அது. உனக்குக் காயம் பட்டால், நீ காணாமல் போனால், நீ இறந்தால், ராணுவம் முதலில் தேடுகிற ஆள் யார் என்பதற்கான இடம். நான் பட்டாளத்துக் குடும்பத்தில் பிறந்தவள். அந்த ஒரு வரிக்கு எவ்வளவு கனம் என்று எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் விளக்கியதில்லை, தேவைப்பட்டதும் இல்லை.

மற்ற யார் அதை அலட்சியமாக நிரப்பினாலும் ஒரு பல் டாக்டர் அப்படிச் செய்யக் கூடாது. ராணுவத்தில் பல்லின் பதிவை ஏன் அவ்வளவு ஒழுங்காக வைக்கிறார்கள்? அடைத்த பல் எது, பிடுங்கிய பல் எது, எங்கே கேப் போட்டிருக்கிறது என்பதெல்லாம் வைத்தியத்துக்கு மட்டும்தானா? விமானம் எரிந்து விழுந்தால், குண்டு வெடித்தால், முகமும் கைரேகையும் போன பிறகும் பல் நிற்கும். 1897இல் பாரிஸில் ஒரு தர்மச் சந்தையின் மரக் கொட்டகை தீப்பிடித்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கருகியபோது, பலரைப் பல் டாக்டர்களின் பதிவை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். காலேஜில் தடயவியல் பாடத்தில் இதைப் படித்திருப்பாய். நாளைக்கு ஒரு முகாமில் அந்த வேலை உன் மேஜைக்கே வரலாம். இன்னார்தான் என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் அடுத்து என்ன நடக்கும்? அந்த ஆளின் நெக்ஸ்ட் ஆஃப் கின் யார் என்று ஒருவர் ஃபைலைப் புரட்டுவார். அதே ஃபைலில் உன் பக்கத்தில், உன் வீட்டுக்கு இரண்டொரு முறை வந்திருக்கக்கூடிய ஒரு பெண்ணின் நம்பர்.

அந்தப் பெண்ணை நினைத்துப் பார்த்தாயா? உன் பெற்றோரிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை முழுக்க அவள் தலையில் கட்டியிருக்கிறாய். ராத்திரி அவளுக்கு போன் வரும். அவள் உன் அப்பாவுக்குப் பேச வேண்டும். அவள் சொல்லப்போவது இரண்டு செய்திகள். உங்கள் மகளுக்கு இப்படி ஆகிவிட்டது என்பது ஒன்று. அதற்கு முன்னால், உங்கள் மகள் பட்டாளத்தில் இருந்தாள் என்பது இன்னொன்று. அவளிடம் கேட்டுத்தான் எழுதினாயா என்றும் உன் கடிதத்தில் இல்லை.

இன்னொன்று கேட்கிறேன். பேங்க் லோனில் உன்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவர் யார்? அப்பாவாகத்தான் இருக்கும், கல்விக் கடன் அப்படித்தான் கொடுப்பார்கள். கடன் பத்திரத்தில் அப்பா பெயர் வேண்டும், உயிர் சம்பந்தப்பட்ட பத்திரத்தில் மட்டும் வேண்டாமா? அவர் கத்துவார் என்கிறாய். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் பதில் சொல்லியே பழகிய மனுஷன், மகளுக்காக ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பு. அதை நீ அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டு, அவரிடமிருந்து தப்பிக்க ஒரு ராணுவத்தையே கூட்டி வந்திருக்கிறாய்.

பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பெற்றோரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று நினைக்கிறவள் இல்லை நான். 26 வயதுப் பெண்ணுக்கு அனுமதி எதற்கு? ஆனால் தன் பிள்ளை எந்த ஊரில், என்ன வேலையில், எந்த ஆபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உரிமை உண்டு. அதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. கத்துகிற அப்பாவுக்கும் அந்த உரிமை உண்டு.

உன் ரகசியம் எத்தனை நாள் தாங்கும் என்று நினைக்கிறாய்? ராணுவத்தில் அதிகாரியாகச் சேருகிறவர்களைப் பற்றிப் போலீஸ் விசாரணை உண்டு. நிரந்தர முகவரி என்று எந்த ஊரை எழுதினாய்? அந்த ஊர் ஸ்டேஷனிலிருந்துதான் ஆள் வரும். உன் அப்பா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வரும்போது, வாசலில் ஒரு ஏட்டையா நின்றுகொண்டு, உங்க பொண்ணு மேல கேஸ் எதுவும் இருக்கா என்று கேட்டால் அவர் என்ன ஆவார்? தெருவே பார்த்துக்கொண்டிருக்கும். சேதியை நீ சொல்லப் போகிறாயா, ஏட்டையா சொல்லட்டுமா?

சரி, வேலைக்கு வருகிறேன். உன் கடிதத்தில் தெற்கு சூடான் இருக்கிறது, ஜான்சி இல்லை, சிலிகுரி இல்லை, லே இல்லை. அதுவும் எனக்கு உறுத்தியது. ராணுவப் பல் மருத்துவப் படை 1941இல் ஆரம்பித்தது. அதன் வேலையில் பெரும்பகுதி இந்த நாட்டுக்குள், கன்டோன்மென்ட் என்கிற ராணுவக் குடியிருப்புகளில், சிப்பாய்க்கும் அவன் குடும்பத்துக்கும் வேர் சிகிச்சையும் பல் கட்டுவதும்தான். உன்னைப் போல ஷார்ட் சர்வீஸில், அதாவது குறுகிய காலப் பணியில் சேருகிறவர்களுக்கு முதலில் 5 வருஷம், நீட்டித்தால் மொத்தம் 14 வருஷம். 14 வருஷத்தில் வெளியே வந்தால் பணிக்கொடை உண்டு, பென்ஷன் கிடையாது. நடுவில் துறைத் தேர்வு எழுதி நிரந்தரக் கமிஷன், அதாவது நிரந்தர அதிகாரிப் பணி வாங்கலாம். அதைச் சேர்ந்த நாளிலிருந்தே மனசில் வைத்துக்கொள்.

கேப்டனாகத்தான் சேர்வாய். அடிப்படைச் சம்பளம் 61,300 ரூபாயில் ஆரம்பிக்கும். ராணுவச் சேவை ஊதியம் 15,500. தனியாகக் கிளினிக் நடத்தக் கூடாது என்பதற்காக அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் வேறு தருவார்கள். லோன் அடைக்க இது போதும். அப்பாவிடம் பேசும்போது கனவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைச் சொல். கணக்குப்பிள்ளைக்கு அது புரியும்.

வெளிநாடு கேட்டவுடன் கிடைக்காது. ஆள் தேவைப்படும்போது, படைதான் தேர்ந்தெடுத்து அனுப்பும். தெற்கு சூடானில், வெள்ளை நைல் கரையில் மலக்காலில் இந்தியா நடத்திய ஆஸ்பத்திரி ஐ.நா. கணக்கில் இரண்டாம் நிலை. அந்த நிலை ஆஸ்பத்திரி என்றால் 10 முதல் 20 படுக்கை, ஒரு நாளைக்கு 3, 4 அறுவை சிகிச்சை, 5 முதல் 10 பேருக்குப் பல் சிகிச்சை செய்யும் வசதி இருக்க வேண்டும் என்று ஐ.நா. வகுத்திருக்கிறது. பல் டாக்டர் இல்லாமல் அதை நடத்த முடியாது. கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்த சிப்பாயை ரோந்துக்கு அனுப்ப முடியாது, பல்லுக்காக ஹெலிகாப்டரில் ஏற்றித் தலைநகருக்கு அனுப்பிக்கொண்டிருக்கவும் முடியாது. ஆனால் அங்கே ஒருவரோ இருவரோதான் தேவை. அந்த இடத்துக்கு நீ வருவதற்குள் ஜான்சியில் ஆயிரம் பல் பார்த்திருக்க வேண்டும்.

இதில் பெருமைப்பட விஷயம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 1950 நவம்பரில் கொரியப் போருக்கு நேரு அனுப்பியது ஒரு மருத்துவப் படையைத்தான், 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். அதற்குத் தலைமை தாங்கியவர் நம் ஊர்ப் பெயர்க்காரர், லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 346 பேர் கொண்ட படை, அதில் ஒரு பல் டாக்டரும் இருந்தார். மூன்று வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா என்ற வீர விருது கிடைத்தது. உன் அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். பட்டாளம் என்றாலே துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

பெண்களுக்குப் பாதுகாப்பானதா என்கிறாய். 2013 ஏப்ரலில் தெற்கு சூடானின் ஜோங்லேயில் ஆயுதக் கும்பல் பதுங்கித் தாக்கியதில் ஐந்து இந்திய வீரர்கள் இறந்தார்கள். குண்டு ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. பாதுகாப்பு வேண்டுமென்றால் மதுரைக் கிளினிக்கே போதும். அப்புறம், உன் இடமும் சும்மா வந்ததல்ல. கொஞ்ச வருஷம் முன்னால் ஒரு தேர்வில் 30 இடங்களில் 27 ஆண்களுக்கு, 3 மட்டும் பெண்களுக்கு என்று வைத்திருந்தார்கள். பெண் பல் டாக்டர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2023இல் நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைக் கண்டித்தது. அவர்கள் தங்கள் பெயரைப் போட்டு, ஊர் அறிய வழக்கு நடத்தினார்கள். நீ அப்பாவுக்குப் பயந்து தோழி பெயரை எழுதுகிறாய்.

கல்யாணம் தள்ளிப்போகும், ஆமாம். போகட்டும். பட்டாளத்துப் பெண்ணைக் கட்டத் தயங்குகிறவன் தானாகவே விலகிவிடுவான். உனக்குத் தரகர் செலவு மிச்சம்.

இனி செய்ய வேண்டியது. படிவத்தை இன்னும் கொடுக்கவில்லையென்றால், அந்தப் பக்கத்தை மாற்றி அப்பா பெயரை எழுது. கொடுத்துவிட்டாய் என்றால், சேர்ந்ததும் ஆபீஸில் சொல்லித் திருத்தச் சொல், அது வழக்கமான வேலைதான். இன்ஷூரன்ஸுக்கும் சேமநிதிக்கும் நாமினி கேட்பார்கள், அங்கேயும் தோழியை எழுதி வைக்காதே. நாளைக்கு உன் அம்மா கலெக்டர் ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு போனில் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போ. அம்மாவிடம் முதலில் சொல்லி, அவரை விட்டு அப்பாவிடம் சொல்லச் சொல்லும் வேலையும் வேண்டாம். நம் வீடுகளில் மகள்கள் காலம் காலமாகச் செய்கிற தப்பு அது. தோழிக்குச் செய்ததையே அம்மாவுக்கும் செய்வாய். இருவரும் இருக்கும்போது, மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு சொல். பசியோடு இருக்கிறவரிடம் இந்தச் சேதியைச் சொன்னால் கத்தத்தான் செய்வார். டெல்லிக்குப் பொய் சொல்லிவிட்டுப் போனதையும் அதே மூச்சில் சொல்லிவிடு. அழுதால் அழட்டும், கத்தினால் கத்தட்டும், எழுந்து வெளியே போகாதே.

அப்பா பேசாமல் இருந்தால் அடுத்த வாரமும் போ. விருதுநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போ. மகன்களைப் பட்டாளத்துக்கு அனுப்பிய தகப்பன்மார் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். நீயும் நானும் சொல்வதைவிட அவர்கள் சொல்வது அவர் காதில் ஏறும்.

அந்த பஸ் ஸ்டாண்ட் ரூம் அட்வான்ஸையும் மறந்துவிடாதே. ரூம்காரரிடம் பேசித் திருப்பி வாங்கும் சங்கடத்தை அப்பா மேல் போடாமல் நீயே நேரில் போய்ப் பேசு. முழுசாகத் தரமாட்டேன் என்றால் குறைகிற தொகை உன் முதல் மாதச் சம்பளத்திலிருந்து வரட்டும்.