ஒரே கட்சி, இரண்டு பரிந்துரைகள்

கேள்வி: சுவிஸ் குடியுரிமை பெற்றபின் முதல் தடவையாக மக்கள் வாக்கெடுப்பில் வாக்களிக்கப் போகிறேன். ஒரு முன்மொழிவை நிராகரிக்குமாறு ஒரு கட்சியின் தேசிய அமைப்பு சொல்கிறது. அதே கட்சியின் கன்டோன் (மாநில) கிளை ஆதரிக்கச் சொல்கிறது. கட்சிக்குள் கட்டுப்பாடே இல்லையா? குடியுரிமை இல்லாத என் தந்தையாரும் இதையே கேட்கிறார். (வாசகி, பேர்ன்)

பதில்: கட்டுப்பாடு குலைந்துவிட்டது என்ற உங்கள் எண்ணத்தை நான் ஏற்கவில்லை. 'பரோலே' என்று ஜேர்மன் மொழியில் சொல்லப்படும் வாக்குப் பரிந்துரையைத் தேசிய அளவில் பேராளர் கூட்டம் முடிவு செய்கிறது. கன்டோன் கிளை தன் கூட்டத்தில் தானே முடிவு செய்கிறது. இரண்டும் முரண்பட்டால் இரண்டுமே செல்லும். 2014 பெப்ரவரி 9இல் நடந்த குடிவரவுக் கட்டுப்பாட்டு வாக்கெடுப்பை நினைத்துப் பாருங்கள். பசுமைக் கட்சி நாடளவில் அதை எதிர்த்தது. ஆனால் இத்தாலிய எல்லையைத் தாண்டி நாள்தோறும் ஏறத்தாழ 60,000 பேர் அப்போது வேலைக்கு வந்துபோன டிச்சினோ கன்டோனில், கூலி குறைந்துவிடும் என்ற அச்சத்தை நேரில் கண்ட அதே கட்சியின் கிளை அதை ஆதரித்தது. அந்தக் கன்டோனில் 68 வீதமானோர் ஆதரவாக வாக்களித்தனர். நாடு முழுவதிலும் கிடைத்த ஆதரவு 50.3 வீதமே. கிளையின் முடிவோடு நான் உடன்படவில்லை. எனினும் தன் ஊரின் நிலையைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை அதற்கு இருந்தது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பரிந்துரையை எத்தனை பேர், எதைக் கேட்டுவிட்டு எடுத்தார்கள்? முறையாக நடக்கும் கூட்டத்தில் ஒருவர் ஆதரித்தும் ஒருவர் எதிர்த்தும் பேசுவார்கள். சபையிலிருந்து கேள்விகள் எழும். பின்னர் உறுப்பினர்கள் வண்ண அட்டையை உயர்த்துவார்கள், எண்ணுபவர்கள் வரிசை வரிசையாக நடந்து எண்ணுவார்கள். ஊர்க்கிளை என்றால், உணவகமொன்றின் பின்னறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு அமர்ந்திருக்கும் இருபது முப்பது பேரே சில வேளைகளில் முழுச் சபையும். சர்ச்சை இல்லாத விடயம் என்று கருதினால் செயற்குழுவே முடிவெடுத்துவிடுவதும் உண்டு. கருத்துப் பிளவு ஆழமாக இருந்தால், உறுப்பினர் விருப்பப்படி வாக்களிக்கலாம் என்று அறிவிப்பார்கள். கட்சி உடையாமல் காக்க அது உதவுகிறது என்றாலும், வழிகாட்ட வேண்டிய நேரத்தில் ஒதுங்கி நிற்பதாகவே எனக்குப் படுகிறது.

வாக்குச்சீட்டு உங்கள் கைக்கு வருவது வாக்கெடுப்புக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்னர்தான். பல கட்சிகள் அதற்கு முன்பே முடிவெடுத்துவிடுகின்றன. ஆகவே துண்டுப்பிரசுரம் வந்தபின் வியப்பதைவிட, கூட்டத் திகதியை முன்கூட்டியே கேட்டறிந்து போய் அமருங்கள். உங்கள் தந்தையாருக்கும் இதைச் சொல்லுங்கள்: சமூக ஜனநாயகக் கட்சி குடியுரிமை இல்லாதவர்களையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறது, வாக்குப்பெட்டியில் அவருக்கு இல்லாத குரல் அந்தக் கூட்டத்தில் அவருக்கு உண்டு.