வயதான பெற்றோரிடம் பணத்தைப் பற்றிப் பேசுவது எப்படி? கேள்வி பதில்

அப்பாவுக்கு 74 வயது. பணப் பேச்சை எடுத்தாலே "நான் இன்னும் போய்ச் சேரவில்லை" என்று எழுந்து போய்விடுகிறார். எப்படி ஆரம்பிப்பது?

"எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்" என்று தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என்னதான் அக்கறையோடு கேட்டாலும், பெற்றவர் காதில் அது பங்கு கேட்பதாகத்தான் விழும். தொகையை விடுங்கள். திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். காப்பீட்டுப் பத்திரம், எந்தெந்த வங்கியில் கணக்கு, யாருக்குக் கடன் பாக்கி, மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகக் கழிவது எவை, உயில் இருந்தால் அது யாரிடம். இதையெல்லாம் ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதட்டும். பாஸ்வேர்டு, பின் நம்பர் அதில் வேண்டாம். நோட்டு அவரிடமே இருக்கட்டும். அது எந்த அலமாரியில் என்பது தெரிந்தால் உங்களுக்குப் போதும்.

இன்னொரு வழி: "நான் உயில் எழுதலாம் என்றிருக்கிறேன், உங்கள் யோசனை என்ன?" என்று அவரிடமே கேட்பது. ஆனால் நிஜமாகவே எழுதுங்கள். பெற்றோரை எழுதச் சொல்லி என்னிடம் வருபவர்களில் பலர் தங்கள் உயிலைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

எல்லாவற்றையும் அப்பாதான் பார்க்கிறார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு மாதக் கட்டணங்களை அம்மாவே கட்டட்டும். நீங்கள் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள், அவர்களுக்குள் நடக்கட்டும்.

அம்மா ஒரே பில்லை இரண்டு முறை கட்டுகிறார், இன்னொன்றை மறந்துவிடுகிறார். வயதானால் இப்படித்தானா?

அப்படி விட்டுவிடாதீர்கள். 2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மறதி நோய் என்று கண்டறிவதற்கு 6 ஆண்டுகள் முன்பிருந்தே சிலர் தவணைகளைத் தவறவிடத் தொடங்கியிருந்தது தெரிந்தது. அதற்காக இது அந்த நோய்தான் என்று முடிவுகட்டவும் வேண்டாம். பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு, சாப்பிடும் சில மருந்துகள் என எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். எனவே முதலில் டாக்டர்.

அடுத்து வக்கீல். இதைத் தள்ளிப்போடவே கூடாது. உயிலோ அதிகாரப் பத்திரமோ (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அனுமதி தரும் பத்திரம்), புரிந்து கையெழுத்திடும் நிலையில் இருக்கும்போது போட்டால்தான் செல்லும். பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: சாதாரண அதிகாரப் பத்திரம் பல நாடுகளில், கொடுத்தவர் சுயமாக முடிவெடுக்கும் திறனை இழந்ததும் செல்லாமல் போய்விடும். எப்போது தேவையோ அப்போது பார்த்து அது கைகொடுக்காது! அந்த நிலையிலும் செல்லும்படி எழுத உங்கள் நாட்டுச் சட்டத்தில் வழி இருக்கிறதா என்று வக்கீலிடம் தெளிவாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் பிறகு நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

பேசாமல் என் பெயரையும் அம்மா கணக்கில் சேர்த்துவிட்டால் என்ன?

வசதிதான், ஆனால் நான் அவசரப்பட மாட்டேன். நாளை உங்களுக்குக் கடன் பிரச்சினை வந்தால் அவர் பணமும் அதில் இழுபடலாம். கூடப் பிறந்தவர்களுக்கும் சந்தேகம் வரும். அவர் சார்பில் கணக்கை இயக்க மட்டும் அனுமதி தரும் ஏற்பாடு உண்டா என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

போனில் பேசிய யாரோ ஒருவனுக்கு அப்பா பணம் அனுப்பிவிட்டார். எங்களிடம் மறைத்துவிட்டார், இப்போதுதான் தெரிந்தது.

திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறையும் மறைப்பார். உடனே வங்கிக்குச் சொல்லி, கணக்கைப் பாதுகாக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போலீசிலும் புகார் கொடுங்கள். அப்புறம், "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று சில நாளில் வேறொருவன் கூப்பிடலாம். ஏமாந்தவர்களின் நம்பர்கள் இந்தக் கும்பல்களிடையே கைமாறும். அப்படி ஓர் அழைப்பு வரக்கூடும் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.